பூனையின் குடலும் கடைப் பொடிகளும்

எங்கள் வீட்டுப் பூனை மிளகுக்கு இரண்டரை வயதில் வயிறு கெட்டது. மணல் தட்டில் கெட்டியாக இருக்க வேண்டியது கூழாக இருந்தது. இரண்டு நாள் சரியாகும், மூன்றாம் நாள் மறுபடியும் கூழ். செல்லப்பிராணிக் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புரோபயாடிக் தூள் ஒன்று, வைட்டமின் பசை ஒன்று, முடியுருண்டைக்கு ஒரு ஜெல், மீன் எண்ணெய் ஒரு புட்டி என்று மேசையில் அடுக்கினார். நான்கையும் வாங்கி வந்து, நான்கையும் ஒரே நாளில் தொடங்கினேன். ஒரு வாரத்தில் கழிசல் கூடியது. நான்கில் எது காரணம், அல்லது நான்குமே காரணமில்லையா என்று கண்டுபிடிக்கும் வழியையும் நானே அடைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பார்த்த கால்நடை மருத்துவர் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு, “இந்தப் பூனைக்கு எது குறைகிறது என்று இவற்றைக் கொடுத்தீர்கள்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. சப்ளிமென்ட் என்று விற்கப்படும் எந்தத் துணைச்சத்தையும் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பூனையின் குடலையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

குட்டையான குழாய்

பூனை கட்டாய ஊனுண்ணி, அதாவது இறைச்சி தின்றே தீர வேண்டிய விலங்கு. நாய் மனிதரோடு வாழ்ந்து சோறும் ரொட்டியும் தின்னப் பழகிய விலங்கு. பூனையோ நம் தானியக் களஞ்சியத்தைத் தேடி வந்த எலியைத் தேடி வந்தது. வந்த இடத்தில் தங்கிவிட்டதே தவிர, சாப்பாட்டு விஷயத்தில் நம்மோடு எந்தச் சமரசமும் செய்துகொள்ளவில்லை. அதன் குடலைப் பார்த்தாலே இது தெரியும். பூனையின் குடல் அதன் உடல் நீளத்தைப்போல ஏறத்தாழ 4 மடங்கு. நாய்க்கு 6 மடங்கு. புல் தின்னும் செம்மறியாட்டுக்கு 20 மடங்குக்கும் மேல். தாவரத்தை ஊறவைத்து, நொதிக்கவைத்துச் சத்தைப் பிரிக்க நீண்ட குழாயும் பெரிய பைகளும் வேண்டும். இறைச்சிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

பூனையின் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் இல்லை. கணையத்தில் சுரப்பதும் குறைவு. நன்றாகக் குழைந்த சோறு ஓரளவு செரிக்கும், அதனால்தான் பால்சோறு தின்று வளர்ந்த பூனைகளும் நம் தெருக்களில் உண்டு. அவை வெளியே பிடித்துத் தின்ற எலி, ஓணான், கரப்பான்பூச்சியை நாம் கணக்கில் எழுதுவதில்லை. மாடி வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அந்தக் கள்ளக்கணக்கு கிடையாது. தட்டில் நாம் வைப்பதுதான் அதன் முழு உலகம்.

தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடலாம். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. அதற்கு வேண்டிய நீரில் பெரும்பங்கு இரையின் உடலிலிருந்தே கிடைத்தது. எலியின் உடலில் சுமார் 70 விழுக்காடு நீர்தான். நாம் கொடுக்கும் உலர் உணவில் 10 விழுக்காடு அளவே நீர் இருக்கும். தாகம் மந்தமான விலங்குக்கு உலர்ந்த தீனியைப் போட்டால், பெருங்குடல் மலத்திலிருந்து கடைசிச் சொட்டு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். மலம் கல்லாகும். மலச்சிக்கலுக்கு என்ன பொடி தரலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தண்ணீர்க் கிண்ணத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். சாப்பாட்டுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான கிண்ணங்களில் வைத்துப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம்.

காளையின் பெயர் கொண்ட சத்து

துணைச்சத்து என்ற சொல் பூனைகள் விஷயத்தில் எப்போது உண்மையிலேயே உயிர் காத்தது என்று கேட்டால், டாரினின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 1827-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டீடமான், க்மேலின் என்ற இரு அறிவியலாளர்கள் மாட்டின் பித்தநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘டாரஸ்’ அதற்குப் பெயரைக் கொடுத்தது. மனித உடல் டாரினைத் தானே ஓரளவு செய்துகொள்ளும். பூனையின் உடல் செய்வது மிகக் குறைவு, தேவைக்குப் போதாது. உணவிலிருந்தே வர வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியில், பருப்பில், காய்கறியில் இல்லை.

1975-இல் கே. சி. ஹேஸும் உடன் பணிபுரிந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பால் புரதமான கேசினை அடிப்படையாகக் கொண்ட உணவு தின்ற பூனைகளின் விழித்திரை சிதைந்தது, அதற்குக் காரணம் டாரின் இல்லாமைதான் என்று அது காட்டியது. அப்படிச் சிதைந்த விழித்திரை திரும்பாது. அடுத்த அடி 1987-இல் விழுந்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோனும் குழுவினரும் இதயம் விரிந்து தளர்ந்து போன பூனைகளைப் பரிசோதித்தார்கள். அவற்றின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. டாரின் கொடுத்ததும் இதயம் தேறத் தொடங்கியது. வியப்பு என்னவென்றால் அந்தப் பூனைகள் பட்டினிப் பூனைகள் அல்ல. அன்றைய பரிந்துரைப்படி போதுமான டாரின் சேர்த்துத் தயாரித்த கடை உணவைத் தின்றவை.

போதுமான அளவு சேர்த்தும் ஏன் குறைந்தது? விடை குடலில் இருந்தது. கல்லீரல் பித்த அமிலங்களைக் குடலுக்கு அனுப்பும் முன் அவற்றோடு ஒரு பொருளை இணைத்து அனுப்பும். நமக்குக் கிளைசின், டாரின் என்று இரண்டு வழி. பூனைக்கு டாரின் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் பித்தநீரோடு டாரின் குடலுக்குள் இறங்குகிறது. பெரும்பகுதி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்படும். உறிஞ்சப்படும் முன்பே குடல் பாக்டீரியாக்கள் ஒரு பங்கைத் தின்றுவிடும். டப்பா உணவைத் தயாரிக்கும்போது கொடுக்கும் கடும் வெப்பம் அந்த உணவின் தன்மையை மாற்றி, டாரினைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கே சாதகம் செய்கிறது. இதனால்தான் இன்றைய அமெரிக்கத் தர வரையறையில் உலர் உணவுக்கு 0.1 விழுக்காடு டாரின் போதும், டப்பாவில் அடைத்த ஈர உணவுக்கோ அதன் உலர் எடையில் 0.2 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்கு வேண்டும்.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. தட்டில் விழும் சத்து வேறு, உடலில் சேரும் சத்து வேறு. இடையில் குடலும் அதில் குடியிருப்பவர்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று, முழுச்சத்து உணவு என்று அச்சிட்ட தரமான பூனை உணவில் டாரின் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைத் தின்னும் பூனைக்கு மேலும் டாரின் பசை வாங்குவது பெரும்பாலும் கடைக்காரரின் இதயத்துக்குத்தான் நல்லது.

வீட்டில் சமைத்துப் போடுபவர்கள் நிலை வேறு. கோழியை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியை மட்டும் போட்டால், டாரினில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். அந்தச் சாற்றையும் சேர்த்தே வையுங்கள், உப்பும் வெங்காயமும் சேராமல். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் அதிகம். அப்படியும் வெறும் கோழியும் சோறும் முழு உணவாகிவிடாது. கால்சியத்திலிருந்து தொடங்கிக் குறைகள் வரிசையாக வரும். வருடக்கணக்கில் வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால் கால்நடை மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். எது குறைகிறது என்ற கேள்விக்கு அங்கே தெளிவான பதில் உண்டு.

குடியிருப்பவர்கள்

குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களை நல்லவை, கெட்டவை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது விளம்பரத்துக்கு வசதி. உண்மையில் அது ஒரு சந்தை மாதிரி. ஒருவர் கழிப்பது இன்னொருவருக்குச் சரக்கு. நார்ச்சத்தை நொதிக்கவைத்துக் குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தருபவை உண்டு. பெருங்குடலின் சுவர்ச் செல்களுக்கு அதுவே எரிபொருள். கல்லீரல் அனுப்பிய முதல்நிலைப் பித்த அமிலங்களை இரண்டாம் நிலைக்கு மாற்றுபவை உண்டு. பூனையில் அந்த வேலையைச் செய்யும் முக்கியமான பாக்டீரியாவின் பெயர் பெப்டஸெட்டோபாக்டர் ஹிரனோனிஸ். அது குறைந்தால் பித்த அமிலங்கள் உரிய மாற்றம் பெறாமல் பெருங்குடலில் சேரும், நீரை இழுக்கும், கழிசலாகும். அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குடல் ஆய்வகம் இந்தப் பாக்டீரியாவையும் இன்னும் சிலவற்றையும் மலத்தில் அளந்து, பூனையின் குடல் சந்தை கலைந்திருக்கிறதா என்று சொல்லும் ஒரு குறியீட்டை உருவாக்கியிருக்கிறது.

சந்தையைக் கலைப்பதில் முதலிடம் ஆன்டிபயாடிக்குக்கு. தேவையான நேரத்தில் அது உயிர் காக்கும். ஆனால் சாதாரணக் கழிசலுக்கு, வீட்டில் மீந்திருந்த மாத்திரையைக் கால் பாகம் உடைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. கழிசல் நின்றதுபோல் தோன்றும், சில வாரங்களில் திரும்பும். கலைந்த சந்தை மறுபடி கூட மாதங்கள் ஆகலாம்.

இப்போது புரோபயாடிக். 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஒரு வரையறை தந்தது. போதிய அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பது அதன் சாரம். அதில் மூன்று சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: உயிருள்ள, போதிய அளவு, நன்மை. கடையில் நான் வாங்கிய டப்பாவில் மூன்றுமே கேள்விக்குறியாக இருந்தன. என்ன பாக்டீரியா என்று எழுதவில்லை, எத்தனை கோடி என்று எழுதவில்லை, மே மாத வெயிலில் கண்ணாடி அலமாரியில் எத்தனை நாள் நின்றதோ, கடவுளுக்கே வெளிச்சம். 2011-இல் கனடாவில் விலங்குகளுக்கான 25 புரோபயாடிக் பொருட்களைச் சோதித்தபோது, சீட்டும் சரியாக இருந்து, சீட்டில் சொன்ன அளவு உயிருள்ள பாக்டீரியாவும் இருந்தவை இரண்டே இரண்டு.

ஆனாலும் புரோபயாடிக் வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. அதே 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு விலங்குக் காப்பகத்தில் 217 பூனைகளை வைத்து ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பூனைகளுக்கு உணவோடு என்டெரோகாக்கஸ் ஃபீசியம் எஸ்எஃப்68 என்ற குறிப்பிட்ட வகை பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். மற்றவற்றுக்கு வெற்றுத் தூள். இரண்டு நாளோ அதற்கு மேலோ கழிசல் நீடித்த பூனைகள் முதல் குழுவில் 7.4 விழுக்காடு, வெற்றுத் தூள் குழுவில் 20.7 விழுக்காடு. காப்பகம் என்றால் கூட்டம், புது இடம், பயம், உணவு மாற்றம். அந்த நெருக்கடியில் இந்தத் தூள் உதவியிருக்கிறது. அதே ஆய்வில் நாய்களுக்கு அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. ஆக, புரோபயாடிக் நல்லதா என்று கேட்பது, மாத்திரை நல்லதா என்று கேட்பது போலத்தான். எந்த வகை, எந்த விலங்குக்கு, எந்தக் கோளாறுக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். வெளியூர் போகும்போது பூனையை விடுதியில் விட வேண்டும், வீடு மாற்ற வேண்டும், ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்ற நேரங்களில், வகையின் முழுப்பெயரும் எண்ணிக்கையும் அச்சிட்ட ஒன்றை மருத்துவரைக் கேட்டுச் சில வாரம் கொடுப்பதில் நியாயம் உண்டு. வருடம் முழுவதும் கொடுக்கும் பழக்கத்துக்கு அவ்வளவு நியாயம் எனக்குத் தெரியவில்லை. சாக்கரோமைசிஸ் பொலார்டி என்ற ஈஸ்ட் வகையும் விற்கிறார்கள். அது பாக்டீரியா இல்லை என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது.

தயிர் போதாதா? நம் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. தாய்ப்பால் மறந்த பிறகு பூனையின் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு. அரைக் கரண்டி தயிரை நக்கினால் பல பூனைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நம் வீட்டுத் தயிரில் எந்த வகை எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பூனையின் குடலில் அவை நிலைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆசைக்கு நக்கட்டும், வைத்தியம் என்று எண்ண வேண்டாம்.

மிளகின் கழிசலுக்கும் காரணம் கடைசியில் இங்கேதான் அகப்பட்டது. மலத்தில் புழு முட்டை இல்லை, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் இல்லை என்றதும், பூனை தின்பது அனைத்தையும் எழுதி வரச் சொன்னார் மருத்துவர். விசாரித்ததில் கீழ்வீட்டுப் பாட்டி மாலைதோறும் ஒரு கிண்ணம் பால் வைத்து வந்தது தெரிந்தது. வேண்டாம் பாட்டி என்றேன். “பூனைக்குப் பால் வைக்காமல் வேறு என்னப்பா வைப்பது?” என்று கேட்டார். ஊர் வழக்கம் முழுவதும் அவர் பக்கம். மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு வேகவைத்த மத்தி மீன் அரைத் துண்டு என்று உடன்பாடு ஆனது. நான்கு டப்பாவும் செய்யாததை அது செய்தது.

சிவப்பு ஊசி

டாரினுக்கு அடுத்து, குறை என்ன என்று அளந்து கொடுக்கப்படும் துணைச்சத்து வைட்டமின் பி12. உணவில் எவ்வளவு இருந்தாலும் அது தானாக உடலில் சேராது. உள்ளார்ந்த காரணி என்ற புரதம் அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடிக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேதான் அது உறிஞ்சப்படும். மனிதருக்கு இந்தப் புரதத்தைச் சுரப்பது இரைப்பை. பூனைக்கோ கணையம் மட்டும். ஆகவே கணையம் கெட்டாலும், சிறுகுடலின் கடைப்பகுதி நாள்பட அழன்றுபோனாலும், தட்டு நிறைய இறைச்சி தின்னும் பூனைக்குக்கூடப் பி12 குறைந்துவிடும். குறைந்தால் பசி மங்கும், எடை இறங்கும், குடல் நோய்க்குக் கொடுக்கும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. நடுவயது தாண்டிய பூனை நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனால், கழிசல் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். வயதான பூனைகளில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தோற்றம் காட்டும்.

குறை உறுதியானால் வழக்கமாக வாரம் ஒருமுறை தோலுக்கடியில் ஊசி, ஆறு வாரங்கள், பிறகு இடைவெளி கூட்டுவார்கள். மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும். வாய்வழியாகக் கொடுப்பதும் பலன் தருவதாகப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பி12 தானே என்று மருந்துக் கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் மாத்திரைகள் பலவற்றில் ஆல்பா லிபோயிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. சர்க்கரை நோயாளிகளின் நரம்புக்காகச் சேர்ப்பது. பூனைக்கு அது நஞ்சு. நாயையோ மனிதரையோ விடப் பூனைக்கு 10 மடங்கு நச்சுத்தன்மை கொண்டது என்று 2004-இலேயே ஆய்வு வந்தது. கல்லீரலை அடிக்கும்.

உமியும் பூசணியும்

நார்ச்சத்து இரண்டு விதம் என்று கொண்டால் போதும். தண்ணீரை வாங்கிக் கூழாகிறவை, அப்படியே கடந்து போகிறவை. இசப்கோல் உமி முதல் வகை. குஜராத்தின் ஊஞ்சா சந்தையிலிருந்து உலகம் முழுவதும் போகிற சரக்கு. இது மலச்சிக்கலுக்கும் உதவும், பெருங்குடல் சார்ந்த கழிசலுக்கும் உதவும். கல்லை இளக்குகிறது, கூழை இறுக்குகிறது. கால் தேக்கரண்டி அளவில் தொடங்கி, தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, ஈர உணவில் கலந்து கொடுக்க வேண்டும். உலர்ந்த உமியைத் தூவினால் உள்ளே போய் இருக்கும் நீரையும் வாங்கிக்கொண்டு அடைத்துவிடும். ஆரஞ்சு மணம், சர்க்கரை, இனிப்பூட்டி சேர்த்தவை வேண்டாம், வெறும் உமி மட்டும்.

பறங்கிக்காய் மசியல் தரச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நீர், நார் சொற்பம். இசப்கோல் ஒரு கரண்டி செய்வதைப் பறங்கி செய்ய வேண்டுமானால் பூனை ஒரு கிண்ணம் தின்ன வேண்டும், எந்தப் பூனை தின்னும்? நார் நல்லதென்று அரிசித் தவிடு கலப்பவர்களும் இருக்கிறார்கள். அரிசித் தவிடு சேர்ந்த உணவு பூனையின் ரத்தத்தில் டாரினைக் குறைத்ததை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். டாரின் மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள்.

முடியுருண்டை ஜெல் பற்றிச் சுருக்கமாக. பூனையின் நாக்கு முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை, நக்கிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். பெரும்பாலான முடி மலத்தோடு போய்விடும். எப்போதாவது ஓர் உருண்டை வெளியே வந்தால் சீப்பை எடுங்கள், அது போதும். வாரம் தவறாமல் வாந்தி என்றால் முடி மேல் பழி போடாதீர்கள். குடல் சரியாக நகராததால்தான் முடி தேங்குகிறது, அது குடல் அழற்சியின் அடையாளமாகவும் இருக்கலாம்.

கொடுக்கக் கூடாதவை, நம்பக் கூடாதவை

குடலுக்கு நல்லது என்று பூண்டு சேர்த்த எதையும் கொடுக்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், பொடியானாலும் வேகவைத்தாலும் அப்படியே. மீன் எண்ணெய் என்று நினைத்து மீன் ஈரல் எண்ணெய் வாங்காதீர்கள். இரண்டாவதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் நிறைய. மிஞ்சினால் சிறுநீரோடு போகாமல் உடலில் தேங்கும். தினமும் ஈரல் தின்ற பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொண்டு தலை திருப்ப முடியாமல் போவதுண்டு. சில மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அவற்றில் உள்ள நொதி தயாமின் என்ற வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். சத்து இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

லைசின் என்ற அமினோ அமிலத்தின் கதை இன்னொரு பாடம். பூனைச் சளிக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸுக்கு என்று பல ஆண்டுகள் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தது அது. 2015-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்புரை, அதற்குப் பலன் இல்லை, நிறுத்துங்கள் என்றது. லைசின் மிகுந்தால் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் வழியை மறிக்கக்கூடும் என்ற கவலையும் இருக்கிறது. ஆர்ஜினின் பூனைக்கு எவ்வளவு முக்கியம் என்றால், அது இல்லாத ஒரே ஒரு வேளை உணவு ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிப் பூனையைப் படுக்க வைத்ததை 1978-லேயே காட்டியிருக்கிறார்கள். இன்றும் லைசின் பசை கடைகளில் தொங்குகிறது. துணைச்சத்துகளை ஒழுங்குபடுத்த அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டம்கூட மனிதருக்கானவற்றுக்கு மட்டும்தான், விலங்குகளுக்கானவற்றுக்குப் பொருந்தாது. சீட்டில் உள்ள வாக்குறுதிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

எதையாவது முயன்றே பார்ப்பது என்று முடிவு செய்தால், நான் செய்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, மூன்று நான்கு வாரங்கள். மலம் எப்படி இருந்தது, எத்தனை முறை, எடை என்ன என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உணவை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துப் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். நாள்பட்ட கழிசல் உள்ள பூனைகளில் கணிசமானவை உணவை மாற்றிய இரண்டு வாரங்களிலேயே தேறுகின்றன. குட்டி என்றால் பொடிக்கு முன்னால் குடற்புழு நீக்கம்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, தடுப்பூசி போடாத குட்டிக்குக் கழிசலோடு சோர்வு, இரண்டு நாளாக மலமே இல்லாமல் மணல் தட்டில் முக்கிக்கொண்டிருப்பது. முக்குவது ஆண் பூனையாக இருந்தால் சிறுநீர் அடைப்பாகவும் இருக்கலாம், அது மணிக்கணக்கு விஷயம். பூனை இரண்டு நாள் தின்னாமல் இருந்தால், குண்டுப் பூனையாக இருந்தால் இன்னும் சீக்கிரமே, கல்லீரலில் கொழுப்பு ஏறத் தொடங்கிவிடும். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் வயிறு சீராகும் என்பார்களே, அந்த வைத்தியம் பூனைக்கு ஆகாது.

மருத்துவரிடம் போகும்போது மலத்தை எடுத்துப் போங்கள். அன்று காலையில் கழித்தது, மணல் ஒட்டாத பகுதி, ஒரு சுண்டைக்காய் அளவு, மூடியுள்ள டப்பாவில். ஜியார்டியா ஒரு நாள் தெரியும், மறுநாள் ஒளிந்துகொள்ளும், எனவே மூன்று நாள் மாதிரி கேட்கலாம். உடனே போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைத் தேடுவதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் வைக்கக் கூடாது, குளிரில் அது செத்துவிடும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. அது ஊறுகாய் டப்பா. அம்மா அதைத் திறந்த பிறகு எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு எனக்கும் மிளகுக்கும் நிரந்தரமாக மறுக்கப்பட்டிருக்கிறது.